உயிரோடு இடம்பெயரும் எலும்பு

நம் முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் இடையே இரண்டு எலும்புகள் உள்ளன. உடலின் எடையில் பெரும்பகுதியைத் தாங்குவது உட்புறமுள்ள பருத்த எலும்பு. வெளிப்புறத்தில் மெல்லிய கோல்போல் அமைந்திருப்பது ‘ஃபிபுலா’. அதன் பங்கு சிறிது. கணுக்காலை உறுதியாக நிறுத்துவதற்குக் கீழ்ப்பகுதியும், முழங்காலையொட்டிய மேற்பகுதியும் இருந்தால் போதும். நடுப்பகுதியை எடுத்துவிட்டாலும் மனிதன் நடக்க இயலும். இயற்கை வைத்திருக்கும் இந்தச் சேமநிதியைக் கொண்டுதான், புற்றுநோயால் தாடையை இழந்தவர்களுக்கு இன்று புதிய தாடை அமைக்கப்படுகிறது.

இந்திய ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய்களில் வாய்ப்புற்றுநோய் முன்னிலையில் நிற்கிறது. புகையிலை, குட்கா, பாக்கு ஆகிய பழக்கங்களே இதற்கு முதன்மைக் காரணங்கள். நோய் தாடை எலும்புக்குள் பரவிவிட்டால், அந்தப் பகுதியை வெட்டி அகற்றுவதைத் தவிர வேறு வழி பெரும்பாலும் இல்லை. அகற்றிய இடம் வெற்றிடமாகவே இருந்தால் முகம் ஒருபுறம் குழிந்துவிடும். மெல்லுதல், விழுங்குதல், பேசுதல் யாவும் பாதிக்கப்படும்.

இரத்தமில்லா எலும்பும் இரத்தமுள்ள எலும்பும்

இடுப்பிலிருந்து சிறிது எலும்பை எடுத்து வேறோரிடத்தில் பொருத்துவது பழைய முறை. இரத்த ஓட்டம் அறுந்துவிடுவதால் அதிலுள்ள உயிரணுக்களில் பெரும்பாலானவை மடிந்துவிடும். அந்த எலும்பு ஒரு சாரம்போல் நிற்க, சுற்றியுள்ள உயிருள்ள எலும்பு அதன்மீது மெல்ல மெல்லப் படர்ந்து வளர வேண்டும். சிறிய இடைவெளிகளுக்கு இது போதுமானது. இடைவெளி ஏறத்தாழ 6 சென்டிமீட்டரைத் தாண்டினாலோ, கதிர்வீச்சுச் சிகிச்சையாலும் கிருமித் தொற்றாலும் அவ்விடம் நலிந்திருந்தாலோ, பொருத்திய எலும்பு கரைந்துபோகும் அபாயம் மிகுதி.

வணிகவியல் படித்தவன் என்ற முறையில் எனக்கு இதை இப்படிச் சொல்லத் தோன்றுகிறது: முதல் முறை, வருமானமே இல்லாத ஒருவர் கையிருப்பைக் கொண்டு காலந்தள்ளுவது, இரண்டாவது முறை, வருமானம் வரும் வழியையும் சேர்த்தே குடிபெயர்வது. ஃபிபுலாவை அதற்கு இரத்தம் கொண்டுவரும் தமனியோடும், இரத்தத்தைத் திருப்பி எடுத்துச் செல்லும் சிரைகளோடும் எடுத்து, புதிய இடத்திலுள்ள இரத்தக் குழாய்களுடன் இணைத்துவிட்டால், எலும்பு உயிரோடு இருக்கும். முறிந்த எலும்பு கூடுவதுபோல் அது இருபுறமும் கூடிவிடும். காலில் பொருத்தப்பட்டால், சுமை ஏற ஏறப் பருக்கவும் செய்யும்.

வளர்ந்த வரலாறு

இரத்தக் குழாய்களைத் தைத்து இணைக்கும் முறைக்காக அலெக்சிஸ் காரெல் 1912இல் நோபல் பரிசு பெற்றார். சில மில்லிமீட்டர் குறுக்களவே உள்ள குழாய்களைத் தைப்பது, 1960ஆம் ஆண்டையொட்டி அறுவை அரங்கில் உருப்பெருக்கி நுழைந்த பின்னரே இயன்றது. ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரைச் சேர்ந்த இயன் டெய்லர், ஒரு காலின் ஃபிபுலாவை இரத்தக் குழாய்களோடு எடுத்து, சிதைந்த மறுகாலில் பொருத்திய அனுபவத்தை 1975இல் வெளியிட்டார். அதே எலும்பைக் கொண்டு கீழ்த்தாடையை அமைக்கலாம் என்பதை 1989இல் நியூயார்க்கின் டேவிட் ஹிடால்கோ எடுத்துக்காட்டினார். மும்பையின் டாடா நினைவு மருத்துவமனை உள்ளிட்ட பல மையங்களில் இன்று இது நடைமுறைச் சிகிச்சை.

அறுவை அரங்கில்

முதலில் காலின் இரத்தக் குழாய்கள் ஸ்கேன் மூலம் ஆராயப்படும். சிலருக்குப் பாதத்திற்கு இரத்தம் செல்வதே ஃபிபுலாவை ஒட்டிய தமனி வழியாகத்தான்; அவர்களிடமிருந்து அந்த எலும்பை எடுக்கக் கூடாது. அறுவையின்போது ஒரு குழு நோயுற்ற தாடையை அகற்ற, மற்றொரு குழு காலில் பணியாற்றும். 20 சென்டிமீட்டருக்கும் மேற்பட்ட நீளம் கிடைக்கக்கூடும். நேரான அந்த எலும்பை இரண்டு மூன்று துண்டுகளாக வெட்டி, தாடையின் வளைவுக்கேற்ப அமைத்து, டைட்டானியம் தகட்டால் பிணைப்பார்கள். மேலிருக்கும் தோலையும் சேர்த்து எடுத்தால் வாயின் உட்புறத்தை மூடவும் பயன்படும். பின்னர் கழுத்திலுள்ள இரத்தக் குழாய்களுடன், தலைமுடியைவிட மெல்லிய நூலால் இணைப்பு நடைபெறும். எட்டு மணி நேரத்திற்கு மேலும் நீளக்கூடிய அறுவை இது.

அடுத்த இரண்டு மூன்று நாட்கள் முக்கியமானவை. இணைப்பில் இரத்தம் உறைந்துவிட்டால், சில மணி நேரத்திற்குள் மீண்டும் அரங்கிற்குக் கொண்டு சென்று சரிசெய்ய வேண்டும். எனவே தோலின் நிறத்தையும் இரத்த ஓட்டத்தையும் செவிலியர் இரவு பகலாகக் கவனிப்பர். தேர்ந்த மையங்களில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்ட அறுவைகள் வெற்றி பெறுகின்றன. கட்டுப்பாடற்ற நீரிழிவும் புகைப்பழக்கமும் ஆறுதலைத் தாமதப்படுத்தும். பெரும்பாலோர் இயல்பாக நடந்தாலும், சிலருக்குக் கணுக்கால் இறுக்கமோ, பெருவிரலை மடக்குவதில் வலுக்குறைவோ எஞ்சலாம்.

காப்பீட்டில் கவனிக்க வேண்டியவை

‘பிளாஸ்டிக் சர்ஜரிக்குக் காப்பீடு கிடையாது’ என்ற எண்ணம் பரவலாக உள்ளது. அது முழு உண்மையன்று. அழகுக்காகச் செய்யும் அறுவைக்கே அந்த விலக்கு. விபத்து, தீக்காயம், புற்றுநோய் ஆகியவற்றுக்குப் பிந்தைய மறுசீரமைப்பு அந்த விலக்கில் சேராது என்பது மருத்துவக் காப்பீட்டு பாலிசிகளின் தரப்படுத்தப்பட்ட வாசகத்திலேயே உள்ளது. ஆகவே நோயை அகற்றும் அறுவையையும் மறுசீரமைப்பையும் சேர்த்தே முன் அனுமதி கோருங்கள். ‘புற்றுநோய்க்குப் பிந்தைய மறுசீரமைப்பு’ என்று மருத்துவரின் கடிதத்தில் தெளிவாக இருக்கட்டும்.

அறை வாடகை வரம்பையும் பாருங்கள். பாலிசியில் நாளொன்றுக்கு ரூ.5,000 வரம்பு இருக்க, நீங்கள் ரூ.10,000 அறையைத் தேர்ந்தால், பல பாலிசிகளில் மருத்துவர் கட்டணம், அறுவை அரங்கக் கட்டணம் போன்றவையும் பாதியாகக் குறைக்கப்படும். நீண்ட அறுவைக்கு இது பெருந்தொகை. பின்னாளில் புதிய தாடையில் பொருத்தப்படும் செயற்கைப் பற்களுக்குப் பல பாலிசிகளில் இடமில்லை; அதற்குத் தனியே ஒதுக்கி வையுங்கள்.

பாலிசி எடுக்கும்போது புகையிலைப் பழக்கத்தை மறைக்காதீர்கள். மறைத்தது பின்னர் தெரியவந்தால், மிகவும் தேவைப்படும் வேளையில் கோரிக்கை நிராகரிக்கப்படலாம். ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலம் இப்போது அதிகபட்சம் 36 மாதங்கள் என்பதால், நலமாயிருக்கும்போதே பாலிசி எடுத்து இடைவிடாமல் புதுப்பிப்பது நன்று. தகுதியுள்ள குடும்பங்களுக்கு ஆயுஷ்மான் பாரத் திட்டம் ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை துணை நிற்கிறது.

இத்தனைக்கும் மேலாக ஒன்று உண்டு. வாயில் தோன்றிய புண்ணோ வெள்ளைத் திட்டோ மூன்று வாரங்களுக்குள் ஆறவில்லையெனில் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். எலும்பை எட்டுமுன் கண்டறியப்படும் நோய்க்குப் பெரும்பாலும் தாடையையும் இழக்க வேண்டியதில்லை, காலெலும்பையும் எடுக்க வேண்டியதில்லை.