கருவேலம் இழந்த பெயர்

கண்மாய்க் கரையில் அடுத்தடுத்து நிற்கும் கருவேலத்தையும் சீமைக்கருவேலத்தையும் ஒரே மரம் என்று நினைத்துக் கடந்து போகிறவர்கள் பலர். ஆடு மேய்ப்பவர் அப்படி நினைக்கமாட்டார். பூக்கும் காலத்தில் நமக்கும் வேறுபாடு எளிதில் பிடிபடும். கருவேலம் பொன்னிறத்தில் உருண்டை உருண்டையாகப் பூக்கும். சீமைக்கருவேலத்தின் கொத்து வெளிர் மஞ்சளில் விரல்போல் நீண்டிருக்கும்.

அந்த உருண்டை ஒரு பூ அன்று, பல பூக்கள் சேர்ந்த திரள். அதிலிருந்து ஒரு பூவை ஊசி முனையால் பிரித்தெடுத்து உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். மகரந்தத்தாள்கள் எண்ணி மாளாது. ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியே நிற்கும். சீமைக்கருவேலப் பூவில் பத்தே பத்துத் தாள்கள். வாகைப் பூவில் தாள்கள் நிறைய உண்டு, ஆனால் அடியில் ஒட்டிக் குழாயாகியிருக்கும். ‘நிறைய, ஆனால் தனித்தனி’ என்ற இந்த ஓர் அடையாளத்தை வைத்துத்தான் ஜார்ஜ் பெந்தம் என்ற ஆங்கிலேயத் தாவரவியலர் 1842இல் ‘அக்கேசியா’ என்ற பேரினத்துக்கு எல்லை வகுத்தார்.

தாள்களின் நுனியில் இன்னொரு விந்தை இருக்கிறது. பெரும்பாலான செடிகளில் மகரந்தம் தூள்தூளாக உதிரும். வேல இனங்களில் அது பொட்டலமாகக் கட்டியே வெளிவருகிறது. ஒரு பொட்டலத்தில் பெரும்பாலும் 16 மணிகள். சூல்முடியில் உள்ள குழியோ மிகச் சிறியது, ஒரு பொட்டலம் உட்காரும் அளவுதான். சூலகத்தில் இருக்கும் சூல்களும் பொதுவாக அந்த 16ஐத் தாண்டுவதில்லை. தேனீ ஒரேயொரு பொட்டலத்தைக் கொண்டுவந்து சேர்த்தால் போதும், நெற்று முழுவதும் விதை பிடித்துவிடும். மணி கோத்ததுபோல் இடையிடையே இறுகித் தொங்கும் கருவேல நெற்றில் உள்ள விதைகள் அனைத்தும் இப்படி ஒரு தாய்க்கும் ஒரு தந்தைக்கும் பிறந்த உடன்பிறப்புகளாக இருக்கலாம். ஆடு மென்று தின்னும் அந்த நெற்றுத்தான் இம்மரம் உளுந்தோடும் புளியோடும் அவரைக் குடும்பத்தில் சேர்ந்ததற்குச் சான்று. ஏறத்தாழ 20,000 இனங்கள் கொண்ட பெருங்குடும்பம் அது.

பெந்தம் கட்டிய வீட்டுக்குள் குடியிருந்தவர்கள் உண்மையில் நெருங்கிய உறவினர் அல்லர். அதை முள்ளே காட்டிக்கொடுக்கிறது. கருவேலம், வெள்வேலம், குடைவேலம் மூன்றிலும் முள் இலையின் அடியில் இணையாக, பெரும்பாலும் நேராக நிற்கும். இலைக்காம்பின் இருபுறமும் இருக்க வேண்டிய மெல்லிய இலையடிச்செதில்களே இறுகி முள்ளாகிவிட்டன. இலை உதிர்ந்தாலும் அவை உதிர்வதில்லை. சீகைக்காய்க் கொடியிலும் இண்டங்கொடியிலும் முள் வேறு பிறப்பு. அது தோலில் முளைத்த கொக்கி. வேட்டியைப் பிடித்தால் லேசில் விடாது. செங்கருங்காலியின் வளைந்த முள்ளும் இந்த வகைதான்.

மூன்றாவது கூட்டம் ஆஸ்திரேலியாவில் செழித்தது. அங்கே சுமார் ஆயிரம் இனங்கள் உண்டு; பெரும்பாலானவற்றுக்கு முள்ளே கிடையாது. பலவற்றுக்கு நாம் இலை என்று சொல்லக்கூடிய இலையும் கிடையாது. முளைத்த புதிதில் வேலமரத்து இலைபோலச் சிறகு சிறகாக விடும். பிறகு சிற்றிலைகள் மறைந்து, காம்பு மட்டும் தட்டையாகி இலையின் வேலையை ஏற்றுக்கொள்ளும். இதைப் பார்க்க ஆஸ்திரேலியா வரை போக வேண்டாம். 19ஆம் நூற்றாண்டில் நீலகிரிக்கு வந்து சேர்ந்த கருமர வாட்டிலின் இளங்கிளையில் சிறகிலையும் தட்டைக்காம்பும் சேர்ந்தே தென்படும், மரம் நம் கண்ணெதிரே மனம் மாறிக்கொண்டிருப்பதுபோல. நீலகிரியில் வாட்டில் மரங்களைச் ‘சீகை மரம்’ என்கிறார்கள். தலைக்குத் தேய்க்கும் சீகைக்காய் வேறு, அது கொடி.

மரபணு ஆய்வுகளும் இந்தக் கூட்டங்களைப் பிரித்தாக வேண்டும் என்றே கூறின. பிரித்தால் அக்கேசியா என்ற பழைய பெயர் யாருக்கு? தாவரவியல் சட்டப்படி, ஒரு பேரினத்தின் பெயர் அதற்கு வகைமாதிரியாக வைக்கப்பட்ட இனத்தோடுதான் போக வேண்டும். அக்கேசியாவின் வகைமாதிரியாக அன்று இருந்தது நம் கருவேலம். 1753இல் தாவரவியலர் லின்னேயஸ் நைல் நதியின் பெயரால் ‘நிலோட்டிகா’ என்று குறித்த அதே மரம். ஆனால் ஆஸ்திரேலியாவின் ஆயிரம் இனங்களுக்கும் பெயர் மாற்றுவது பெரும் குழப்பம் என்று சொல்லி, வகைமாதிரியையே மாற்றக் கோரினார்கள் அந்நாட்டு அறிஞர்கள். பெயரிடலுக்கான குழுவும் அதைப் பரிந்துரைத்தது. 2005இல் வியன்னாவில் கூடிய உலகத் தாவரவியல் பேரவையில் ஏறத்தாழ 55 சதவீத வாக்குகள் அதற்கு எதிராக விழுந்தன. குழுவின் பரிந்துரையைத் தள்ளுவதற்கு 60 சதவீதம் தேவை என்பது விதி. அதனால் பெயர் ஆஸ்திரேலியாவுக்குப் போனது. 2011இல் மெல்போர்ன் பேரவையும் அதை உறுதி செய்தது.

குழப்பத்தைக் குறைக்க அதுவே வழி என்பது எனக்குப் புரிகிறது. ஆனாலும் பெரும்பான்மையோர் வேண்டாம் என்ற பின்னும் பெயர் கைமாறியதை என் மனம் ஏற்கவில்லை. கோயில்களில் தலமரமாக நிற்கும் வன்னிக்கு இந்த இழப்பு நேரவில்லை. வன்னியும் சீமைக்கருவேலமும் சேர்ந்திருந்த புரோசோபிஸ் பேரினத்தை 2022இல் உடைத்தபோது, வகைமாதிரியான வன்னியோடு பெயர் தங்கியது. சீமைக்கருவேலம்தான் ‘நெல்டுமா’ என்று பெயர் மாறி வெளியேறியது.

கருவேலத்துக்கு இப்போது ‘வச்செல்லியா நிலோட்டிகா’ என்று பெயர். வச்செல்லியா புதிதாகச் சூட்டிய பெயர் அன்று. சென்னை மாகாணத்தில் பணியாற்றித் தென்னிந்தியச் செடிகளைத் தேடித் தொகுத்த ராபர்ட் வைட், வாக்கர் ஆர்னாட்டோடு சேர்ந்து 1834இல் வெளியிட்ட நூலில் கஸ்தூரி வேலத்துக்காக உண்டாக்கிய பேரினம் அது. அக்கேசியாவுக்குள் அடங்கியதென்று ஒதுக்கப்பட்டு நெடுங்காலம் கிடந்தது. மக்காவு நகரில் கிழக்கிந்தியக் கம்பெனியின் பாதிரியாராக இருந்து சீனத்துச் செடிகளைச் சேகரித்த வச்செல் என்பவரின் நினைவாக வைத்த பெயர். கண்மாய்க் கரையில் நிற்கும் மரத்தின் பெயரில் இன்று பின்பாதி நைல் நதி, முன்பாதி அந்தப் பாதிரியார்.