பல்கருச் செயலிகளில் தடத்தரவு: அமைத்தலும் திரட்டலும்

1. முன்னுரை

கர்நாடகத்தின் ஹனூரை அடுத்த மலை மாதேசுவர மலைக் காடுகளில் புலி, சிறுத்தை ஆகியவற்றைக் கணக்கிடத் தானியங்கி ஒளிப்படக் கருவிகள் பயன்படுகின்றன. ஒரு சிறுத்தை இரு கருவிகளைக் கடந்து சென்றால், அது எத்திசையில் சென்றது என்பதைப் படங்களில் பதிந்த நேரத்தைக் கொண்டே அறியலாம். ஒரு கருவியின் கடிகாரம் பத்து நிமிடம் பிந்தியிருப்பின், படங்கள் தெளிவாக இருந்தும் முடிவு பிழையாகிவிடும். ஊர்தி, மருத்துவக் கருவி, விண்கலம் போன்றவற்றினுள் இயங்கும் உட்பொதி மென்பொருளில் வழுவைத் தேடுவோரும் இத்தகைய இடர்ப்பாட்டையே எதிர்கொள்கின்றனர். ஒரே சில்லில் பல கருக்கள், அதாவது தனித்தனியே கணிக்கும் பல உறுப்புகள், அமைந்துள்ள செயலிகளில் தடத்தரவை அமைத்துத் திரட்டும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

2. தடத்தின் தேவை

நிரலை ஓரிடத்தில் நிறுத்தி நினைவகத்தை ஆராய்வது பழைய முறை. பல்கருச் செயலியில் ஒரு கருவை நிறுத்தினால் மற்றவை தொடர்ந்து ஓடும். எல்லாவற்றையும் நிறுத்தினால் புறக்கருவிகளோடு கொண்ட கால ஒழுங்கு குலையும். இடையிடையே செய்திகளை அச்சிடச் செய்தாலும் வேகம் மாறுவதால், தேடிய வழு மறைந்துவிடக்கூடும். எனவே நிரலை நிறுத்தாமல் அதன் போக்கைப் பதிவுசெய்தல் வேண்டும். இப்பதிவே தடம் எனப்படும்.

1997 சூலை 4 அன்று செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் கலம், சில நாள்களில் தன்னைத் தானே மீண்டும் மீண்டும் தொடக்க நிலைக்குக் கொண்டுசென்றது. பொறியாளர்கள் புவியிலிருந்த அதன் படியில் அதே மென்பொருளை இயக்கி, பணிகள் மாறிய வரிசையையும் பூட்டுகளுக்காகக் காத்திருந்த நேரங்களையும் பதிவுசெய்தனர். முன்னுரிமை குறைந்த வானிலைப் பணி வைத்திருந்த பூட்டுக்காக முன்னுரிமை மிக்க பணி காத்திருந்ததும், இடைநிலைப் பணிகள் அவ்வானிலைப் பணியை முடிக்கவிடாமல் தடுத்ததும் அப்பதிவால் வெளிப்பட்டன. அக்கலத்தின் மென்பொருள் ஒரே செயலியில் இயங்கியது. பதிவைச் செய்ததும் மென்பொருளே. பல கருக்கள் ஒருங்கே இயங்குமிடத்துச் சிக்கல் பெருகுவதால், சில்லிலேயே தனிச் சுற்றுகள் இப்பணிக்கென அமைக்கப்படுகின்றன. ஆர்ம் நிறுவனத்தின் கோர்சைட் அமைப்பு இதற்குச் சான்றாகும்.

3. தரவின் அளவு

நொடிக்கு 100 கோடிக் கட்டளைகளை நிறைவேற்றும் நான்கு கருக்களைக் கொள்வோம். ஒவ்வொரு கட்டளையின் முகவரிக்கும் 4 பைட்டு எனில், நொடிக்கு 1,600 கோடி பைட்டு சேரும். ஆயின் நேராகச் செல்லும் கட்டளைகளை நிரலிலிருந்தே ஊகிக்கலாம். கிளைகளில் எவ்வழி செல்லப்பட்டது என்பதை மட்டும் பதிந்தால் போதும். இவ்வாறு சுருக்கிக் கட்டளைக்கு ஒரு பிட்டு எனக் கொண்டாலும் நொடிக்கு 50 கோடி பைட்டு ஆகிறது. சில்லினுள் 64 கிலோபைட்டு இடையகம் இருப்பின், அது ஏறத்தாழ 130 மைக்ரோநொடியில் நிரம்பிவிடும். ஆகவே எல்லாவற்றையும் பதிவுசெய்தல் இயலாது, தேர்ந்தெடுத்தலே அடிப்படையாகிறது.

4. அமைத்தல்

முதலில், எக்கருவை, எம்முகவரி எல்லைக்குள், எப்பணியின்போது பதிவது என வரையறுக்க வேண்டும். இரண்டாவதாக, பதிவை எப்போது நிறுத்துவது என முடிவுசெய்ய வேண்டும். இடையகத்தைச் சுழல் முறையில் நிரப்பி, வழு தோன்றிய சற்று நேரத்தில் நிறுத்தினால், அதற்கு முந்தைய நிகழ்வுகள் எஞ்சி நிற்கும். மூன்றாவதாக, எல்லாக் கருக்களின் தடங்களுக்கும் ஒரே கடிகாரத்திலிருந்து நேரமுத்திரை தர வேண்டும். இன்றேல், ஒரு கரு எழுதிய மதிப்பை மற்றொரு கரு எழுதுமுன் படித்ததா, எழுதியபின் படித்ததா என்னும் வினாவிற்கு விடை கிடைக்காது.

5. திரட்டல்

கருக்களின் தடங்கள் ஒரே ஓடையாக இணைந்து இடையகத்தையோ வெளித்துறையையோ அடைகின்றன. பின்னர் பிரித்தறிவதற்கு ஒவ்வொன்றுக்கும் தனி அடையாள எண் இன்றியமையாதது. சுழல் இடையகத்தில் பழைய பகுதி அழிவதால், முழு முகவரி தாங்கிய ஒத்திசைவுக் குறிகளும் இடையிடையே இருத்தல் வேண்டும். அவையின்றிப் படிக்கத் தொடங்கவே இயலாது. தடத்தைப் பொருள்கொள்ள, சில்லில் ஓடிய அதே நிரற்படி தேவை. ஓர் எழுத்து மாற்றிப் புதிதாகத் தொகுத்த படியைக் கொண்டு படித்தால், நடவாத ஒன்று நடந்ததாகத் தோன்றலாம். தரவு மிகுந்து வழிந்த இடங்களை இடைவெளி எனக் குறித்தலும் கடன்; இடைவெளியில் ஒன்றும் நிகழவில்லை எனக் கொள்வது பெரும்பிழையாகும்.

6. முடிவுரை

சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் சக்தி திட்டம் 2018-இல் செயலிச் சில்லுகளை உருவாக்கியது. அவை பின்பற்றும் ரிஸ்க்-ஃபைவ் கட்டமைப்பிற்கான தடநெறி 2022-இல் ஏற்பளிக்கப்பட்டது. சில்லை உள்நாட்டிலேயே வடிவமைக்கும் நிலையில், தடம் வெளிவரும் வாயிலையும் வடிவமைப்பின்போதே திட்டமிடலாம். வழு தோன்றியபின் அவ்வாயிலைச் சேர்க்க இயலாது. எதை அறிய முடியும் என்பது தரவு திரட்டுமுன்பே, அமைக்கும்போதே உறுதியாகிவிடுகிறது.