கடல் கடந்த வணிகத் தோழமை – 7: யார் ஜாமீன்?

கானா அப்போது பிரிட்டிஷ் ஆட்சியில் ‘கோல்டு கோஸ்ட்’ என்ற பெயரில் இருந்தது. அங்கே அச்சிமோட்டா பள்ளியில் படித்து முடித்த எஸ்தர் என்ற பெண், உறவினர் ஒருவர் கொடுத்த பத்து ஷில்லிங்கை முதலாக வைத்து ஆரஞ்சும் சர்க்கரையும் ஒரு டஜன் ஜாடிகளும் வாங்கினார். மார்மலேட் கிண்டித் தெருவில் கொண்டுபோய் நின்றார். பன்னிரண்டு ஜாடியும் ஒரு மணி நேரத்துக்குள் பன்னிரண்டு ஷில்லிங்குக்கு விற்றுப்போயின. இவ்வளவு படித்துவிட்டுத் தெருவில் நின்று கூவுவதா என்று கூடப் படித்தவர்கள் கேலி செய்தார்கள். ஆனால் படித்த பள்ளியே அவரிடம் வாடிக்கையாக மார்மலேட் வாங்கத் தொடங்கியது. பிறகு ராணுவத்தின் ஆர்டரும் கிடைத்தது. அந்த ஒப்பந்தத்தைக் காட்டித்தான் அவரால் வங்கியில் கடன் வாங்க முடிந்தது. 1942-ல் தன் கம்பெனியைத் தொடங்கினார். பின்னாளில் உலகம் அவரை எஸ்தர் ஒக்லூ என்று அறிந்தது.

எல்லாப் பெண்களுக்கும் ராணுவ ஆர்டர் கிடைத்துவிடாது. கானாவின் அக்ரா நகரச் சந்தைகளில் தக்காளியும் மீனும் துணியும் விற்பவர்கள் பெண்கள். ஊர் வணிகமே அவர்கள் கையில் இருந்தும், அவர்களை நம்பிக் கடன் கொடுக்க வங்கிகள் தயாராக இல்லை. 1975-ல் மெக்சிகோ நகரில் ஐ.நா. கூட்டிய முதல் உலகப் பெண்கள் மாநாட்டுக்கு ஒக்லூ போனபோது, இவர்களுக்கு யார் கடன் கொடுப்பார்கள் என்ற கேள்வியைத்தான் கையோடு கொண்டுபோனார்.

அதே கேள்வியோடு அகமதாபாத்திலிருந்து இலா பட் வந்திருந்தார். துணிமூட்டை சுமப்பவர்கள், காய்கறி விற்பவர்கள், பழந்துணி வியாபாரம் செய்பவர்கள் என நாலாயிரம் பெண்கள் ஆளுக்குப் பத்து ரூபாய் போட்டு 1974-ல் தொடங்கிய சேவா வங்கிக்குப் பின்னால் இருந்தவர் அவர். வங்கியைப் பதிவு செய்யப் போனபோது, கையெழுத்துப் போடத் தெரியாதவர்களுக்கு எதற்கு வங்கி என்று தடை வந்தது. நிறுவன உறுப்பினர்கள் இரவெல்லாம் உட்கார்ந்து கையெழுத்துப் பழகிக்கொண்டு, மறுபடியும் போய் நின்றார்கள்.

மூன்றாவது பெண் மிக்கேலா வால்ஷ். அமெரிக்கப் பங்குச்சந்தை நிறுவனங்களில் வேலை பார்த்தவர். பணக்கார நாட்டுப் பெண்ணுக்கு இதில் என்ன கவலை என்று தோன்றலாம். கடன் கொடுப்பதில் ஆண் பெண் பேதம் பார்க்கக் கூடாது என்ற சட்டம் அமெரிக்காவில் வந்ததே 1974-ல்தான். தொழில்கடனுக்குக் கணவன் அல்லது ஆண் உறவினரின் கையெழுத்தைக் கேட்கும் வழக்கத்துக்கு முற்றுப்புள்ளி வைக்க 1988 வரை ஆயிற்று. மூன்று கண்டத்துப் பெண்களுக்கும் மொழி வேறு, தொழில் வேறு. ஆனால் மூவரின் நாட்டிலும் வங்கி மேலாளர் கேட்டது ஒன்றையே: உனக்கு யார் ஜாமீன்?

அந்த ஜாமீனை நாமே போடுவோம் என்று இவர்களும் இன்னும் சிலரும் சேர்ந்து எடுத்த முடிவுதான் ‘விமன்ஸ் வேர்ல்டு பேங்கிங்’. 1979-ல் நெதர்லாந்தில் பதிவு செய்தார்கள். ஒக்லூ முதல் தலைவி. நிர்வாகத்தை வால்ஷ் ஏற்றார். பெயரில் ‘பேங்கிங்’ இருந்தாலும், அது நேரடியாகக் கடன் கொடுக்கவில்லை. ஒரு பெண் வாங்கும் கடன் வாராக்கடனாகிவிட்டால், நஷ்டத்தில் பாதியை இந்த உலக அமைப்பு ஏற்கும். கால் பங்கை அந்த ஊரில் பெண்களே நடத்தும் கிளை அமைப்பு ஏற்கும். உள்ளூர் வங்கிக்கு மிச்சக் கால் பங்கு மட்டுமே. இந்த ஏற்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்தது நடுவில் இருக்கும் கால் பங்கு. தன் பணமும் அதில் மாட்டியிருப்பதால், யார் நாணயமானவர், யாருடைய கடை ஓடும் என்று ஊர்ப் பெண்கள் அலசிப் பார்த்துத்தான் சிபாரிசு செய்வார்கள். முடிவெடுக்கும் அதிகாரமும் ஊரிலேயே இருந்தது. வெளிநாட்டுத் தர்மப் பணமாக இது சீரழியாமல் இருந்ததற்குக் காரணம் அதுதான்.

கொலம்பியாவின் காலி நகரம், கென்யா, உகாண்டா, டொமினிகன் குடியரசு, நம் அகமதாபாத் என்று 1980-களில் கிளைகள் முளைத்தன. சில அமைப்புகள் பின்னாளில் முழு வங்கிகளாகவே மாறின. காலியில் தொடங்கியது இன்று ‘பாங்கோ டபிள்யூ’.

பெண் தொழில்முனைவோரின் சர்வதேசச் சந்திப்புகள் இப்போது நிறைய நடக்கின்றன. விசிட்டிங் கார்டும் வாட்ஸ்அப் எண்ணும் கை மாறுகின்றன. அறிமுகம் வேண்டியதுதான். ஆனால் முகம் பார்த்திராத ஒருத்தியின் கடனில் பாதி என் பொறுப்பு என்று எழுத்தில் ஒப்புக்கொண்ட அந்த உறவோடு ஒப்பிட்டால், இவை பாதி வழியிலேயே நின்றுவிடுகின்றன என்பது என் திடமான கருத்து.

தொழில் அமைப்புகளிலும் சுயஉதவிக் குழுக் கூட்டமைப்புகளிலும் பொறுப்பில் இருக்கும் வாசகிகளுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்தில் உறுப்பினர் பட்டியலோடு சேர்த்து, சிறிதாகவேனும் ஒரு ஜாமீன் நிதி தொடங்குவது பற்றியும் பேசுங்கள். எவ்வளவு, யாருக்கு, என்ன நிபந்தனையில் என்பதை உங்கள் ஊர்ப் பெண்களே முடிவு செய்யட்டும்.

(தொடரும்)