சிவப்பு இல்லத்தில் ஓர் இளஞ்சிவப்புச் சட்டை

தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்தவர்களுக்கு இல்ல விளையாட்டுப் போட்டி ஞாபகம் இருக்கும். பகாவ் பக்கம் எங்கள் தோட்டத்தில் புதுச் சட்டை வாங்க வசதியில்லை. பழைய வெள்ளைப் பள்ளிச் சட்டைகளை அம்மா ஒரே பானையில் போட்டு, சிவப்புச் சாயப் பொட்டலமும் ஒரு பிடி உப்பும் சேர்த்துக் கொதிக்க வைத்தார். அண்ணன் சட்டை நல்ல சிவப்பு. என் சட்டை வெளிறிய ரோஸ்! நாள் முழுக்கக் கேலிதான். "சாயம் சரியில்ல"ன்னு அம்மா கடைக்காரரைத் திட்டினார். பாவம், அவர் மேல் தப்பே இல்லை.

அண்ணனுடையது முழுப் பருத்தி. என்னுடையது 65% பாலியெஸ்டர், 35% பருத்தி.

பருத்தி என்பது செல்லுலோஸ். அதன் சங்கிலி நெடுக ஹைட்ராக்சில் தொகுதிகள் இருப்பதால் நீரை இழுத்து நார் உப்பும். நீரில் கரைந்த நேரடிச் சாயம் உள்ளே போய் ஒட்டிக்கொள்ளும். உப்பு எதற்கு? நீரில் நாருக்கும் சாயத்துக்கும் எதிர்மின்னூட்டம், ஒன்றையொன்று தள்ளும். உப்பு அந்தத் தள்ளலைக் குறைக்கிறது. பாலியெஸ்டரோ நீரை ஏற்காது, சங்கிலிகளும் நெருக்கமாக அடுங்கியிருக்கும். ஆகவே 35 பங்கு நார் மட்டும் சிவந்தது. மிச்சம் வெள்ளையாகவே நின்றது. இன்னும் நாலு பொட்டலம் கொட்டியிருந்தாலும் வெள்ளை வெள்ளைதான்.

"பாலியெஸ்டர் உறுதியானது, அதனால் சாயம் ஏறாது" என்று சில மாணவர்கள் எழுதுகிறார்கள். அது காரணமே இல்லை. நைலானும் உறுதியானதுதான், ஆனால் அதில் அமீன் தொகுதிகள் உண்டு, கம்பளியிலும் உண்டு. அதனால் கம்பளி-நைலான் கலப்புக்கு அமிலச் சாயம் ஒன்றே போதும்.

ரேயானையும் பாருங்கள். ஆலையில் செய்த நார்தான், ஆனால் மரக்கூழின் செல்லுலோஸ். நம் நாட்டுப் பாத்திக் பட்டறைகளில் பருத்திக்குப் பூசும் அதே ரியாக்டிவ் சாயம் ரேயானுக்கும் பிடிக்கிறது. அங்கே சகப்பிணைப்பே உண்டாகிறது. இயற்கையா செயற்கையா என்பதைவிட, நாரில் என்ன தொகுதி இருக்கிறது என்று கேளுங்கள்.

பாலியெஸ்டருக்கு டிஸ்பெர்ஸ் சாயம் வேண்டும். ஆலைகளில் அழுத்தக் கலத்தில் சுமார் 130°C சூட்டில் ஏற்றுவார்கள். அம்மாவின் பானை 100°Cஐத் தாண்டாது. அப்படி ஏற்றினாலும் பருத்திப் பங்கு சரியாகச் சாயம் பிடிக்காது. அதனால்தான் ஆலைகள் இந்தக் கலப்புக்கு இரண்டு வகைச் சாயம் போடுகின்றன.

வகுப்பில் செய்து காட்ட மூன்று துண்டுத் துணி போதும்: பருத்தி, கலப்பு, பாலியெஸ்டர். ஒரே பானை, ஒரே பொட்டலம், அரை மணி நேரம், பிறகு நன்றாக அலசுங்கள். அண்ணன் சட்டையில்கூடத் தையல் நூல் மட்டும் வெள்ளையாகவே இருந்தது. அது ஏன் என்று மாணவர்களையே சொல்லச் சொல்லுங்கள்.