நின்றானா, நிறுத்தப்பட்டானா?

தன்வினை, பிறவினை வேறுபாட்டை நாம் வகுப்பில் ஒரு பாடவேளையில் நடத்தி முடித்துவிடுகிறோம். திருந்தினான், திருத்தினான்; நின்றான், நிறுத்தினான். மாணவர் எழுதிக்கொள்வர், தேர்வில் மதிப்பெண்ணும் பெறுவர். இவ்வேறுபாடு ஒரு தொழிலாளியின் ஐந்நூறு நாள் ஊதியத்தை விழுங்கவும் கூடும் என்பதை நாம் அவர்கட்குச் சொல்வதில்லை.

யான் அதனை வீட்டில் கற்றேன். 1966ஆம் ஆண்டு முதல் நெகிரி செம்பிலான் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டிவந்தார் என் தந்தையார். 1991இல் தோட்டம் கைமாறியபோது, கிராணியார் நீட்டிய தாளில் கைநாட்டு வைத்தார். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியிலிருந்து விடுமுறைக்கு வந்த யான் அத்தாளைப் படித்தேன். மலாய் மொழியில் ஒரே வரி. தம் சொந்த விருப்பத்தின் பேரில் ‘பெர்ஹெந்தி’ என்று இருந்தது. பெர்ஹெந்தி என்றால் நிற்றல். ‘டிபெர்ஹெந்திகான்’ என்றிருந்தால் நிறுத்தப்பட்டார் என்று பொருள்படும். அடுத்த திங்கட்கிழமையே ஒரு குத்தகைக்காரரிடம் ஆளாகச் சேர்ந்து, அதே நிரையில் அதே மரங்களைத்தான் தந்தையார் வெட்டினார். கத்தியும் மாறவில்லை, மரமும் மாறவில்லை. இருபத்தைந்து ஆண்டு உழைப்பு மட்டும் கணக்கிலிருந்து போயிற்று.

போனதன் அளவை எண்ணிப் பார்க்கலாம். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் கீழ், பணிநீக்க ஈட்டுத்தொகை பற்றிய விதிகள் 1980இல் வந்தன. அவற்றின்படி, ஓராண்டேனும் தொடர்ந்து வேலை செய்தவர் ஆட்குறைப்பில் நீக்கப்பட்டால், பணிக்காலம் ஈராண்டுக்குக் குறைவாயின் ஆண்டுக்குப் பத்து நாள் ஊதியம் பெறுவார். ஈராண்டு முதல் ஐந்தாண்டுக்கு உட்பட்டவர் ஆண்டுக்குப் பதினைந்து நாள். ஐந்தாண்டும் அதற்கு மேலும் உடையவர் ஆண்டுக்கு இருபது நாள். இருபத்தைந்து ஆண்டுக்கு 500 நாள். சேமநிதிப் பணம் இதனின் வேறு. அதனைக் கையில் கொடுத்துவிட்டு, “எல்லாம் தீர்ந்தது” என்று சொன்னால் நம்பிவிடக் கூடாது.

ஒரு நாள் ஊதியம் என்பது கடைசி மாதச் சம்பளத்தைக் கொண்டு கணிப்பதன்று. நீக்கத்திற்கு முந்திய பன்னிரண்டு மாதத்தின் சராசரி. இது பால்வெட்டுக்காரருக்கு ஒருவகையில் நன்று. இலையுதிர் காலத்தில் பால் குறைந்தாலும், நல்ல மாதங்கள் அதனை ஈடுசெய்யும். ஆனால் நீக்குவதற்கு முன் பல மாதம் வேலைநாளைக் குறைத்துக்கொண்டே வந்தால் சராசரியும் உடன் தேயும். ஆகவே சம்பளச் சீட்டுகளை எறியாமல் வைத்திருப்பது அறிவுடைமை.

இனி, மீண்டும் வேலைக்கு எடுக்கப்படுவதைப் பார்ப்போம். நம்மனோர் மிகக் குழம்புவது இங்கேதான். பழைய வேலை முடிந்தவுடன், இடைவெளியின்றிக் குறையாத நிபந்தனைகளோடு முதலாளி திரும்ப எடுத்துக்கொண்டால் ஈட்டுத்தொகை இல்லை. அதற்கு ஈடாகப் பணிக்காலம் அறுபடாமல் ஓடும். தோட்டம் கைமாறும்போதும் இத்தகைய நெறியே உண்டு. புதிய உரிமையாளர் ஏழு நாளுக்குள், பழையதற்குக் குறையாத நிபந்தனைகளில் வேலையைத் தொடர முன்வர வேண்டும். முன்வராவிடின், தொழிலாளி நீக்கப்பட்டவராகக் கருதப்படுவார். பழைய உரிமையாளர் பணம் தர வேண்டும். என் தந்தையார்க்கு இவ்விரண்டில் ஒன்று கிடைத்திருக்க வேண்டும். நடுவே ஒரு கைநாட்டு புகுந்து இரண்டையும் மறித்துவிட்டது.

1950களில் தோட்டத் துண்டாடல் பரவியபோது இப்படிப்பட்ட விதியும் இல்லை. பெரிய தோட்டங்கள் கூறுகூறாக விற்கப்பட்டன. தொழிலாளர் பலர் குத்தகைக்காரர் கீழ்க் குறைந்த கூலிக்குச் சேர்ந்தனர். 1960இல் துன் சம்பந்தனார் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதற்கு அத்துயரமே காரணம். பின்னாளில் நம் மாநிலத்தில் நீலாய், செண்டாயான் பக்கங்களில் தோட்ட நிலம் வீட்டு நிலமாயிற்று. தோட்டத்துப் பிள்ளைகள் தொழிற்சாலைக்கும் விடுதிக்கும் வேலைக்குப் போயினர். தாள் மட்டும் அவர்களைத் தொடர்ந்து வந்தது.

2020 ஜூன் மாதம் என் பழைய மாணவர் ஒருவர் அப்படியொரு தாளுடன் என் வீட்டுக்கு வந்தார். போர்ட் டிக்சனில் ஒரு கடற்கரை விடுதியில் ஒன்பது ஆண்டு வேலை செய்தவர். கோவிட் நோயால் விருந்தினர் வரவு நின்றுபோயிற்று. விருப்ப விலகல் கடிதத்தில் கையெழுத்திட்டால், நிலைமை சீரானதும் திரும்ப அழைத்துக்கொள்வதாகச் சொன்னார்களாம்.

“சார், அவங்க நல்லவங்கதான். கூப்பிட்டுக்குவாங்க” என்றார்.

“கூப்பிடட்டும், தம்பி. ஆனால் உன்னை அவர்கள் நிறுத்தட்டும், நீயாக நிற்காதே” என்றேன்.

அப்போது அரசாங்கத்தின் ஊதிய உதவித் திட்டம் நடப்பில் இருந்தது. 2020 மார்ச் 27இல் அறிவிக்கப்பட்ட அத்திட்டம், மாதம் 4,000 வெள்ளிக்கு உட்பட்ட ஊழியர்க்கு ஆளுக்கு 600 வெள்ளி என முதலாளியிடம் கொடுத்தது. ஏப்ரலில் சிறு நிறுவனங்கட்கு அது 1,200 வரை உயர்ந்தது. அதைப் பெறுபவர் அவ்வூழியரை நீக்கலாகாது என்பது நிபந்தனை. பிரிட்டனில் வேறொரு வழியும் இருந்தது. அங்கே தொற்றின் தொடக்கத்தில் நீக்கப்பட்டவரையும் திரும்பப் பெயர்ப்பட்டியலில் சேர்த்து, வீட்டில் இருத்தி, ஊதியத்தில் எண்பது விழுக்காட்டை ஓர் உச்சவரம்புக்குள் அரசிடமிருந்து பெறலாம். நம் நாட்டுத் திட்டமோ பட்டியலில் நிற்பவரைக் காத்தது. தாமே எழுதிக் கொடுத்து வெளியேறியவரை அது எங்ஙனம் காக்கும்?

அவர் கையெழுத்திடவில்லை. இரு வாரம் இழுபறியாயிற்று; பிறகு விடுதியார் தாமே ஆட்குறைப்புக் கடிதம் கொடுத்தனர். ஐந்தாண்டுக்கு மேற்பட்டவர்க்குரிய எட்டு வார முன்னறிவிப்பும், 180 நாள் ஊதியமும் கிடைத்தன. சொக்சோவின் வேலைக் காப்புறுதியிலும் பதிந்துகொண்டார். வேலை இழந்த 60 நாளுக்குள் அதற்கு மனுச் செய்ய வேண்டும். முதல் மாதம் ஊதியத்தில் 80 விழுக்காடு, அடுத்த மாதம் 50 என்று அது படிப்படியே குறைந்து வந்தது. விருப்ப விலகலுக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை.

2021 அக்டோபரில் மாநிலம் கடக்கும் தடை நீங்கிய பின், விடுதியார் சொன்னபடியே அவரை அழைத்தனர். அவர்கள் நல்லவர்கள்தாம் என்பதில் அவர் பிழைபடவில்லை. மறுபடி வந்து, “வாங்கின பணத்தைத் திருப்பிக் குடுக்கணுமா, சார்? பழைய ஒன்பது வருஷமும் சேருமா?” என்று கேட்டார். இரண்டும் இல்லை என்றேன். அப்பணம் கழிந்த ஒன்பது ஆண்டுக்கு உரிய விலை. விலை பெற்றபின் அவ்வாண்டுகளை மீண்டும் எண்ண இயலாது. புதிய நியமனக் கடிதத்தின் தேதியிலிருந்து கணக்குத் தொடங்கும். அக்கடிதத்தை இருபடி எடுத்து, ஒன்றை அவர் தாயாரின் பெட்டியில் வைக்கச் சொன்னேன். மற்றொன்று என் மேசை இழுப்பறையில், தந்தையாரின் கைநாட்டுத் தாளுக்கு மேல் இருக்கிறது.