பூஜ்யம் அறியாத சென்சார்

வளைவில் விரைந்து திரும்பும் காரின் பின்புறம் வழுக்கி ஒதுங்கத் தொடங்கிவிட்டால், சாரதி அதை உணர்ந்து ஸ்டீயரிங்கைத் திருப்புவதற்கு முன்பே, எந்தச் சக்கரத்தைப் பிடித்தால் வண்டி நேர்ப்படுமோ அந்தச் சக்கரத்துக்கு மாத்திரம் தானாகவே பிரேக் கொடுக்கும் ஏற்பாட்டை, பாஷ் கம்பெனியாரும் மெர்சிடிஸ் பென்ஸ் கம்பெனியாரும் சேர்ந்து 1995-இல் கொண்டுவந்தார்கள். தனவந்தர்களின் வாகனத்தோடு நின்றிருக்கக்கூடிய அந்த வித்தை, 1997-இல் ஸ்வீடன் பத்திரிகையாளர் ஒருவரின் பரீட்சையில் மெர்சிடிஸின் சின்ன ஏ-கிளாஸ் கார் கவிழ்ந்து சந்தி சிரித்த பிறகுதான் சாமானிய வண்டிகளுக்கும் இறங்கி வந்தது.

டொயோட்டாக்காரர்கள் வி.எஸ்.சி. என்று சொல்லும் இவ்வேற்பாட்டின் விளக்கு எரிந்ததுமே, சென்சார் போய்விட்டது என்று தீர்ப்புக் கூறிவிடும் மெக்கானிக்குகள் உண்டு. சக்கரங்களின் வேகம், ஸ்டீயரிங் திரும்பிய கோணம், பக்கவாட்டு விசை, வண்டி சுழலும் வேகம் ஆகியவற்றைத் தனித்தனியே அளக்கும் பல சென்சார்களில் பழுதானது எது என்பதை ஸ்கேனர் காட்டும் எண்ணைக் கொண்டும், வயரையும் கனெக்டரையும் சோதித்தும் நிர்ணயிக்காமல் பணத்தைச் செலவிடுவது விவேகமன்று. சத்து குறைந்த பேட்டரிகூட இந்த விளக்கை ஏற்றிவிடும்.

சுழற்சியை அளக்கும் சென்சார் பெரும்பாலும் இரு முன் இருக்கைகளுக்கும் நடுவே, கன்சோலுக்கு அடியில் இருக்கிறது. அதனுள்ளே இசைக்கவை போன்ற நுண்ணிய உறுப்பொன்று ஓயாமல் அதிர்ந்துகொண்டிருக்க, வண்டி சுழலும்போது அந்த அதிர்வு பக்கவாட்டில் விலகும் அளவே கம்ப்யூட்டருக்குச் செய்தியாகிறது. கை தவறிக் கீழே விழுந்த சென்சாரை மாட்டலாகாது என்று சொல்வதன் காரணமும் இதுவே.

கழற்றி மாட்டுவது சிறு காரியம். ஆனால் புதிய சென்சாருக்கு அசையாமை எதுவென்று, அதாவது தன் பூஜ்யம் எதுவென்று, தெரியாது. பழைய பூஜ்யத்தை ஸ்கேனரால் அழித்து, சமதரையில் வண்டியை நிறுத்தி, கதவை அறையாமலும் ஆட்டாமலும் சில விநாடி விட்டுவைத்தாலன்றிப் புதிய பூஜ்யம் பதியாது. இந்தச் சில விநாடிகளுக்குப் பொறுமையின்றி, சரிவான முற்றத்திலேயே வேலையை முடித்துச் சாவியைக் கொடுத்துவிடுகிறவர்களை என்னென்பது! டொயோட்டா வண்டியில் சி1210 என்ற எண் தோன்றினால், பூஜ்யம் பதியவில்லை என்றே பொருள்.

பதிந்த பிறகு, சில மாடல்களில், சோதனை முறையில் வண்டியை மெதுவாக ஓட்டி அரைவட்டம் திருப்பி நிறுத்தினால் பஸ்ஸர் ஒலிக்கும். ஒலிக்காவிட்டால், சென்சாரைப் பொருத்திய விதத்தைப் பார்க்க, மூடிய கன்சோலை மறுபடியும் கழற்ற வேண்டியதுதான்.