படுத்திருக்கும் கண்ணாடி

திண்டுக்கல்லிலிருந்து சிறுமலைக்கு ஏறும் சாலையில் 18 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. அந்த வழியே கண்ணாடி கொண்டுபோகிறவர்கள் அதைப் படுக்கப் போட மாட்டார்கள். நிமிர்த்திச் சாய்த்து, இடையில் அட்டை செருகிக் கட்டித்தான் ஏற்றுவார்கள். இதற்குள் கணக்கு ஒன்று இருக்கிறது. 5 மி.மீ. தடிமனும் 30 செ.மீ. அகலமும் உள்ள தட்டைப் படுக்கவைத்து வளைப்பதைவிட, நிமிர்த்தி நிறுத்தி வளைப்பது 3,600 மடங்கு கடினம்.

ஆனால் வீட்டு ஷோகேஸில் அதே கண்ணாடியைப் படுக்கத்தான் வைக்கிறோம். அதன் மேல் பித்தளை விளக்கும் கொலு பொம்மையும் திண்டுக்கல் பூட்டும் ஏறுகின்றன. அது எந்த நிலையில் எளிதாக வளையுமோ, அந்த நிலையிலேயே வருடக்கணக்கில் சுமக்கச் சொல்கிறோம். சில தட்டுகள் ஒரு தலைமுறை தாங்குகின்றன. சில, யாரும் தொடாத வேளையில் இரண்டாகப் பிளக்கின்றன. அந்த வேறுபாட்டை விளிம்பில் தேட வேண்டும்.

கண்ணாடி வலுவற்ற பொருள் என்று நினைக்கிறோம். இங்கிலாந்துப் பொறியாளர் ஏ. ஏ. கிரிஃபித் 1921-இல் வெளியிட்ட ஆய்வு அந்த எண்ணத்தையே புரட்டிப்போட்டது. அவர் கண்ணாடியை உருக்கி இழைகளாக இழுத்து, அவை எவ்வளவு இழுவிசையில் அறுகின்றன என்று அளந்தார். இழை மெலிய மெலிய அதன் வலிமை கூடியது. மிக மெல்லிய இழைக்கு, பருத்த இழையைப்போல ஏறக்குறைய இருபது மடங்கு வலிமை இருந்தது. அணுக்களின் பிணைப்பு மிக உறுதியானதுதான். அதைக் கெடுப்பவை கண்ணுக்குத் தெரியாத நுண்கீறல்கள் என்று அவர் விளக்கினார். ஜவுளிக்கடையில் துணியின் ஓரத்தில் கத்தரியால் சின்னதாக ஒரு வெட்டு வைத்துவிட்டு ஒரே இழுப்பில் கிழிப்பார்களே, அதேதான் இங்கும் நடக்கிறது. கீறலின் முனையில் விசை முழுவதும் வந்து குவிகிறது.

இன்றைய கண்ணாடியின் முகம் மிகவும் வழுவழுப்பானது. உருகிய வெள்ளீயத்தின் மேல் உருகிய கண்ணாடியை மிதக்கவிட்டுத் தட்டையாக்கும் முறையை இங்கிலாந்தின் பில்கிங்டன் நிறுவனம் 1959-இல் அறிவித்தது. நம் ஸ்ரீபெரும்புதூர் செயின்ட்-கோபைன் ஆலையிலும் அந்த முறைதான். ஆனால் கடையில் அளவுக்கு வெட்டும்போது என்ன செய்கிறார்கள்? கட்டரால் வேண்டுமென்றே ஒரு கீறல் போட்டு, அதன் வழியே பிளக்கிறார்கள். வெட்டிய விளிம்பு முழுவதும் நுண்கீறல்களின் வரிசை. எட்ஜ் பாலிஷ் வெறும் அழகுக்கு என்று பலர் அதைத் தவிர்க்கிறார்கள். உண்மையில் ஷெல்ஃபுக்கு நீங்கள் கொடுக்கும் காசில் மிகப் பயனுள்ள காசு அதுதான்.

சுமை ஏறியதும் தட்டின் மேற்பரப்பு நெருக்கப்படுகிறது, அடிப்பரப்பு இழுபடுகிறது. இழுபடும் பக்கத்தில்தான் கீறல் வாய் திறக்கும். ஆகவே அடி விளிம்பின் நடுப்பகுதியில் ஒரு சில்லு பெயர்ந்திருந்தால் அதுவே முதல் ஆபத்து.

இங்கே சிறுமலையின் மூடுபனியும் உள்ளே வருகிறது. கீறலின் முனையில் சிலிக்கானும் ஆக்சிஜனும் கைகோத்திருக்கின்றன. காற்றிலுள்ள நீராவியின் மூலக்கூறு அங்கே நுழைந்தால், இழுபட்டு நிற்கும் அந்தப் பிணைப்பு அறுந்துபோகும். கீறல் ஓர் அணுத்தொலைவு முன்னேறும். ஈரப்பதம் கூடக்கூட சாதாரணக் கண்ணாடியில் விரிசல் வேகமாக வளர்வதை ஷெல்டன் வீடர்ஹார்ன் 1967-இல் அளந்து காட்டினார். இதனால்தான் இன்று தாங்கிய சுமையை அதே தட்டு ஐந்தாம் ஆண்டில் தாங்காமல் போகலாம். ஏற்றும்போது உடையவில்லை என்பது பாதுகாப்புக்குச் சான்றாகாது. நீராவி எங்குமே இருப்பதால் சமவெளி வீடும் இதற்கு விலக்கில்லை. மலைமேல் வீட்டுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதல் தடிமன் வேண்டும்.

எவ்வளவு தடிமன்? 60 செ.மீ. நீளம், 25 செ.மீ. அகலம், 5 மி.மீ. தடிமன் உள்ள தட்டின் இரு முனைகளையும் தாங்கி, அதில் 10 கிலோவைப் பரப்பி வைத்தால் நடுவில் சுமார் ஒன்றரை மி.மீ. தொய்யும். சாதாரணக் கண்ணாடி நெடுங்காலம் தாங்கக்கூடிய எல்லையை அது ஏறத்தாழத் தொட்டுவிடும். அதையே 8 மி.மீ. ஆக்கினால் தொய்வு நாலில் ஒரு பங்காகும். நீளத்தை 90 செ.மீ. ஆக்கினாலோ தொய்வு மூன்று மடங்குக்கு மேல். அகலமான ஷோகேஸ் என்றால் நடுவில் ஒரு தடுப்புப் பலகை கொடுத்துவிடுவது நல்லது.

இனி பின்கள். உயரத்தை மாற்றிக்கொள்ளும் ஷெல்ஃபில் பக்கப் பலகைகளில் 5 மி.மீ. துளைகள், பெரும்பாலும் 32 மி.மீ. இடைவெளியில், வரிசையாக இருக்கும். நான்கு பின்கள் தட்டைத் தாங்கும். எந்த மூன்று புள்ளிகளும் ஒரே தளத்தில் அமைந்துவிடும், நான்காவதுதான் வம்பு. அது அரை மி.மீ. தாழ்ந்திருந்தால் மரத்தட்டு வளைந்துகொடுத்து ஒட்டிக்கொள்ளும். விறைப்பான கண்ணாடியோ மூன்றில் உட்கார்ந்து ஆடும். வெறும் உலோகப் பின்னின் கூர்மையில் உரசி, புதிய கீறலும் பெறும். பின்னின் மேல் ஒரு ரப்பர் அல்லது சிலிகான் உறை போட்டால் அந்த அரை மி.மீ. அதில் அமுங்கிவிடும், துடைக்கும்போது தட்டு நழுவாமலும் பிடித்துக்கொள்ளும். துளை போடும் ஆசாரி நான்கு வரிசைக்கும் ஒரே அச்சுப் பலகையை, ஒரே முனை கீழே இருக்கும்படி வைத்துத் துளைத்தால் நான்காவது பின் தொல்லையே பெரும்பாலும் வராது.

தட்டின் நீளத்தை உள் அகலத்தைவிட 2 அல்லது 3 மி.மீ. குறைத்து வெட்டச் சொல்லுங்கள். மேலும் கீழும் நடுவிலும் அளந்து, அதில் குறைந்த அளவை எடுங்கள். இடைவெளியே இல்லாவிட்டால், ஈரத்தில் பருத்த பலகை கண்ணாடியை நெருக்கும். அதிகமானால் தட்டு பின்னிலிருந்து வழுக்கி இறங்கும். பார்ட்டிகிள் போர்டு ஈரம் பட்டு உப்பினால் துளையின் பிடிமானமே போய்விடும். ஈரக்காற்றுள்ள வீட்டுக்கு அதைத் தவிர்த்து நல்ல பிளைவுட் போடலாம்.

டஃபன்ட் கிளாஸ் கீறலை வேறு வழியில் மடக்குகிறது. 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி, இருபுறமும் குளிர்காற்றைப் பாய்ச்சுவார்கள். மேற்பரப்பு முதலில் இறுகிவிடும்; உள்பகுதி பிறகு சுருங்கி, மேற்பரப்பை நிரந்தரமாக நெருக்கி வைக்கும். சுமை அந்த நெருக்கத்தை வென்ற பிறகே கீறல் வாய் திறக்க முடியும். சாதாரணக் கண்ணாடியைவிட நான்கைந்து மடங்கு வலிமை. உடைந்தாலும் நீண்ட கூர்த்துண்டுகளாகாமல் சிறு துணுக்குகளாகச் சிதறும். ஆனால் பதப்படுத்தியபின் வெட்டவோ துளைக்கவோ முடியாது. எனவே அளவு முதலில், பதம் பிறகு. வாங்கும்போது ஐ.எஸ். 2553 முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

உயரத்தை மாற்றும்போதெல்லாம் முதலில் பொருள்களை இறக்கிவிட்டு, தட்டை வெளியே எடுத்து, வெளிச்சத்தில் நான்கு விளிம்பையும் பாருங்கள். சில்லு பெயர்ந்த தட்டை மறுபடி மாட்டாதீர்கள். குழந்தைகள் கை எட்டும் உயரத்தில் டஃபன்ட் தவிர வேறு கண்ணாடி வேண்டவே வேண்டாம்.